மருந்துக் கரண்டி

ஜெயசீலி அண்ணி வாயைத் திறக்கமாட்டேன் என்று தலையாட்டினாள். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"தொற அண்ணி."

"நாறுது தபி. உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?"

"என் மூக்கு, நான் பாத்துக்கறேன். தொற."

திறந்தாள். கீழ் உதட்டின் உட்புறம் மூன்று புண். வலது கன்னத்துக்குள் ஒன்று, நாலணா அகலத்துக்கு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஈறெல்லாம் வீங்கி, பல்லைத் தொட்ட இடம் கறுத்திருந்தது. எச்சில் நிற்காமல் ஊறியது. மடியில் கிடந்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நோட்டில் எழுதினேன். 'செவ்வாய். புதிதாக நான்கு.'

மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை, மாரிகுப்பத்தில் அவள் அம்மா வீட்டிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அங்கே பன்னிரண்டு நாள் இருந்தாள். ரயிலில் வரும்போது வேர்க்கடலை வாங்கித் தின்றாள். உப்பு போட்ட வேர்க்கடலை! ஒரு புண் இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி கஞ்சித் தண்ணீரை ஆற வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறாள்.

அவளுக்கு ஏழு மாதம். இதற்கு முந்தையது ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் குழந்தை. என் அண்ணன் ஏனோக் அதை ஒரு புது நீலத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நீலத்தில் துண்டு வாங்கியதில்லை. இந்த முறை நர்சம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏழு மாசம்னு சொல்றீங்க, அஞ்சு மாச வயிறாட்டம் கீதே. இன்னா துன்றா இவ?" என்றாள். ஒன்றும் தின்பதில்லை. வாய் முழுக்கப் புண் இருந்தால் யார்தான் தின்பார்கள்? இப்படியே போனால் இதுவும் தங்காது என்று வாசலில் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இது நடந்தது அறுபத்தேழாம் வருஷம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் டிகிரி வாங்கிய முதல் பெண் நான். பெங்களூரில் பி.எஸ்சி. பாட்டனி, துணைப் பாடம் கெமிஸ்ட்ரி. இங்கே மிடில் ஸ்கூலில் டெம்பரரி டீச்சர். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். பூமிக்கடியில் பாறை தானாக வெடித்துச் சரிவதை இங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அதில் போனார். அண்ணனுக்கு வேலை கொடுத்தபோது, அம்மா ஆபீசர் பங்களா வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து அழுது, அவனைக் கீழே இறக்காமல் மேலே மில்லில் போட வைத்தாள். மில் என்றால் கல்லை நொறுக்கித் தங்கம் எடுக்கிற இடம். எங்கள் அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான் உண்டு. "எம் புள்ள கேஜ் ஏறல" என்பாள். ஆட்களைக் கீழே இறக்குகிற அந்த இரும்புக் கூண்டின் பெயரைச் சொல்லும்போதே அவள் குரல் தணியும்.

அண்ணியின் வாய்க்கு வைத்தியம் பார்த்தது நான்தான். அம்மாவுக்குத் தெரிந்தது பாதி, நான் புத்தகத்தில் பார்த்துச் சரி செய்தது பாதி. இலைகளை நான் நம்புகிறவள். சாமி கும்பிடுகிற மாதிரி அல்ல. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவள் நம்புகிற மாதிரி. சாக்கடை ஓரத்தில் முளைக்கிற மணத்தக்காளிக் கீரையை தினம் காலையில் பறித்துக் கழுவிப் பச்சையாக மெல்லக் கொடுப்பேன். எரிச்சலை அது அடக்கும். பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தின் கொழுந்தைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கக் கொடுப்பேன். அதில் இருக்கிற துவர்ப்பு, புண்ணின் மேல் தோல் கட்ட வைக்கும். அது போதாதபோது, சுரங்கக் கழிவைக் கொட்டிய மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து கருவேலம்பட்டை. கடைசியாக, மாசிக்காய். அதை பஜாரில் சிவப்பிரகாசம் கடையில் வாங்கி, இரும்புக் கரண்டியில் போட்டுக் கரி அடுப்பில் வறுத்து, இடித்து, தேனில் குழைத்து, என் விரலாலேயே புண்ணில் தடவுவேன்.

அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மருந்து வறுக்க என்று ஒரு கரண்டி தனி. அதில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் படக் கூடாது. அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் அது மட்டும் தொங்கும். தெரியாமல் எடுத்துக் கடுகு போட்டுவிட்டு நான் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறேன். அம்மா எதற்கும் கட்டுப்பாடு வைக்கிறவள் இல்லை. அந்தக் கரண்டிக்கு மட்டும் வைத்திருந்தாள்.

இவ்வளவும் செய்து என்ன? புண் ஆறுகிறது, மறுபடி வருகிறது. ஆறுகிறது, வருகிறது. லைனில் இருக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்?

கொய்யா மரம் மணியம்மாள் வீட்டுடையது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தட்டிச் சுவர்தான். நான் கொழுந்து பறிக்கப் போனால் விட மாட்டாள்.

"இன்னா தபித்தா, உங்க பி.எஸ்சி. கஷாயம் இன்னும் கொதிக்குதா? மரம் மொட்டையாயிடும் போலக் கீது."

"உங்க மரம் போனா நான் வேற மரம் நட்டுத் தரேன் பெரியம்மா."

"நடு, நடு. ஆனா ஒண்ணு கேளு. தாய் வூட்ல ஆறுது, மாமியா வூட்ல வருதுன்னா, அது இலைக்கு அடங்கற நோவா? எவ கண்ணோ. இல்ல எவ கையோ."

'கை' என்றால் மருந்து தடவுகிற கை. என் கை. புரியாமல் இல்லை. பறித்த கொழுந்தை அங்கேயே கொட்டிவிட்டு வந்திருப்பேன். அண்ணி வாயை நினைத்துக்கொண்டு மடியில் கட்டிக்கொண்டேன்.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு விஷயம் சரி. தாய் வீட்டில் ஆறுகிறது. இலை அதேதான். நானே மாரிகுப்பத்துக்குப் பறித்துக் கொடுத்தனுப்பியவைதான். மாசிக்காய்கூட அதே கடையில் வாங்கியது. அங்கே அவள் அம்மா அதை ஓர் உடைந்த மண்ணோட்டில் வறுத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். நினைத்தேன், தாண்டிப் போய்விட்டேன். அந்தத் தாண்டலுக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததும் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஆறு வாரத்துக் கணக்கு. சனிக்கிழமைகளில் எல்லாம் 'ஆறி வருகிறது' என்று எழுதியிருந்தேன். திங்களிலும் செவ்வாயிலும் எல்லாம் 'புதிது'. அவள் தாய் வீட்டில் இருந்த நாட்களைத் தவிர ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. நோய்க்குக் கிழமை தெரியுமா? தெரியாது. மனுஷனுக்குத்தான் கிழமை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அம்மாவும் நானும் எட்டரை மணிக்கு சர்ச்சுக்குப் போகிறோம். வாய் நாறுகிறது, பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று அண்ணி வருவதில்லை. அவளைத் தனியாக விடக் கூடாது என்று அண்ணனும் வருவதில்லை. நல்ல புருஷன் என்று பாஸ்டரே ஒருமுறை மெச்சினார்.

அண்ணி படுத்திருந்தாள். அவள் இடது கையைப் பார்த்தேன். கல்யாண மோதிரம் இல்லை.

"மோதிரம் எங்க அண்ணி?"

"விரல் வீங்கிகினு கீது. கழட்டி வெச்சேன்."

அவள் விரல்கள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருந்தன. அலமாரியில் அவள் பவுடர் டப்பாவைத் திறந்தேன். அவள் எழுந்து வருவதற்குள் மோதிரம் என் உள்ளங்கையில் இருந்தது. தங்க மோதிரம், பாதி வெள்ளை. வெள்ளி முலாம் பூசியது போல, ஒரு பக்கம் முழுக்க மங்கிய வெள்ளை.

இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் மாலா என்று ஒருத்தி மேஜையில் உருண்ட பாதரசத்தை விரலால் தொட்டாள். அவள் மோதிரம் எங்கள் கண் முன்னால் வெளுத்தது. அவள் அழுதாள். டெமான்ஸ்ட்ரேட்டர் கத்தினார். "தொட்டா மோதிரம்தான் போகும். சூடு பண்ணி அந்த ஆவியை இழுத்தா வாய் வெந்து போகும், ஈறு அழுகும், கை நடுங்கும்." பரீட்சைக்கு வராது என்று நாங்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கை நடுங்கும். அண்ணன் கொஞ்ச நாளாக டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காபி குடிக்கிறான். நைட் ஷிப்ட் சோர்வு என்றான். நம்பினோம்.

"அண்ணி, வூட்ல பாதரசம் எங்க கீது?"

அவள் முகம் அப்படியே நின்றது. பிறகு மோதிரத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உன் வாய் வேகுது. உன் வயித்துல கீற கொழந்தைக்கு இன்னா ஆவும்னு உனக்கு..."

"தபி, உன் கால்ல வுழறேன். அவரு பேரைக் கெடுத்துடாத. வெளிய தெரிஞ்சா ஜெயிலு. வூட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அத்தையை எங்க வெச்சிப்ப? ஸ்கூல்லயா?"

பேசும்போது எச்சிலோடு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

சாயந்திரம் அண்ணன் வந்ததும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"அங்க போனா நூறு கேள்வி கேப்பாங்க. நான் அவளை பெங்களூருக்கு இட்டுகினு போறேன். பெரிய ஆஸ்பத்திரி. ஏற்பாடு பண்ணிகினுதான் கீறேன்."

"எந்தக் கேள்விக்கு பயப்படற?"

அவன் சட்டென்று என்னைப் பார்த்தான். "நீ உன் இலையைப் பாரு" என்றான்.

நான் இலையைப் பார்த்தேன். அன்றைக்கும் மறுநாளும் அதே ஆணியிலிருந்து அதே கரண்டியை எடுத்து, அதே மாசிக்காயை வறுத்து, தேனில் குழைத்து, அவள் புண்ணில் தடவினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது எழுந்தேன். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நடந்தேன். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அவளும் எழுந்து வருகிறாள் என்று தெரிந்தது. நான் நிற்கவில்லை.

முன் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னலில் சாக்கு. சந்து வழியாகப் பின்பக்கம் போய், சமையலறைக் கதவைத் தோளால் இடித்தேன். இரண்டாவது இடியில் கொக்கி கழன்றது.

அண்ணன் கரி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். முகத்தில் ஈரத்துண்டு கட்டியிருந்தான். அண்ணி பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு அடுப்பிலிருந்து ஒரு முழம். அண்ணன் கையில், கங்குக்கு மேலே, மருந்துக் கரண்டி. அதன் குழியில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

புகை இல்லை. வாசனை இல்லை. அதுதான் பயங்கரம். கண்ணைக் கரிக்கிற புகையாக இருந்தால் எப்போதோ யாராவது கத்தியிருப்பார்கள்.

நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொல்லையில் உட்கார வைத்தேன். திரும்பி வந்து, ஒரு பானைத் தண்ணீரையும் தூக்கி அடுப்பின் மேல் ஊற்றினேன். சாம்பல் எழும்பி வீடெல்லாம் பறந்தது. அண்ணன் துண்டை இறக்கினான்.

"பைத்தியமாடி உனக்கு?"

"எனக்கா?"

இருவரும் குரலை அடக்கித்தான் பேசினோம். தட்டிக்கு அந்தப் பக்கம் மணியம்மாள் இருக்கிறாள். லைன் வீட்டில் சண்டைகூடக் காதோடு காதாகத்தான் போட வேண்டும்.

"மில்லுல இருந்தா?"

அங்கிருந்துதான். அது எப்படி வெளியே வந்தது என்பதை அவன் பிறகு சொன்னான். நான் அதை எழுதப் போவதில்லை. பாதரசத்தில் ஊறிய தங்கம். சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் தங்கும். போகிற ஆவி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். கையில் பாட்டுப் புத்தகம், மேல்மூச்சு வாங்கியது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. ஆணியைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள்.

"அதுலயாடா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது மருந்துக் கரண்டிடா ஏனோக்கு."

"அதனாலதாம்மா எடுத்தேன்" என்றான். சின்னப் பையன் மாதிரிச் சொன்னான். "இது விஷம்னு எனக்குத் தெரியாதா? சோறாக்கற சட்டியில பண்ணக் கூடாதுன்னுதான்... அதுல யாரும் சோறு ஆக்க மாட்டாங்களேன்னு."

வறுத்த மாசிக்காய் முழுவதும் என் விரல் நுனிக்கு வந்து நின்றது. ஆறு வாரம். தினம் இரண்டு வேளை. அவள் வாய்க்குள் போன என் விரல்.

"அதுலதான் அவளுக்கு மருந்து வறுக்கிறேன்" என்றேன். "மருந்துக் கரண்டின்னா பின்ன எதுக்குன்னு நெனச்ச?"

அவன் கையிலிருந்து கரண்டி விழுந்தது. நனைந்த சாம்பலில் சத்தம்கூட வரவில்லை.

"கழுவிட்டுத்தான் மாட்டுவேன் தபி" என்று கொல்லையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சாம்பல் போட்டு நல்லாத் தேய்ச்சுத்தான் மாட்டுவேன்." அப்படித் தேய்த்ததில்தான் மோதிரம் வெளுத்திருக்கிறது.

"எப்போ ஆரம்பிச்ச?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"விடு."

"எப்போ?"

"நீ ரெண்டாவது வருஷம் படிக்கச் சொல்ல. பணம் கட்டலன்னா ஹாஸ்டல்ல பேரை அடிச்சுடுவோம்னு கடுதாசி வந்துதே, அப்போ." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் நிறுத்திட்டேன். இப்போ இவளுக்காக. போன தபா ஆன மாதிரி ஆயிடக் கூடாதுன்னு, பெங்களூர்ல வெச்சுப் பாக்கணும்னு..."

போன தடவை. அவன் சொல்லிவிட்டு நிறுத்தினான். நானும் அதே இடத்தில்தான் நின்றேன். என் இரண்டாம் வருஷம். அந்த நீலத் துண்டு. இரண்டும் ஒரே வருஷம். அவன் விரல்கள் தானாக மடங்கி மாதம் எண்ணுவதைப் பார்த்தேன். மே, ஜூன், ஜூலை. நடுவிரலில் நின்றுவிட்டது.

"அதனாலயா?" என்றான். "சொல்லு. நீ படிச்சவதானே. அதனாலயா?"

"தெரியாது." உண்மையிலேயே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நிமிஷம் சொல்லியிருக்க மாட்டேன். நான் கோபக்காரிதான், கசாப்புக்காரி இல்லை.

தட்டிச் சுவரில் இரண்டு தட்டு விழுந்தது. "இன்னா ரத்தினம்மா, ஜெபம் அதுக்குள்ள முடிஞ்சுதா? ஏதோ ஒடைஞ்ச சத்தம் கேட்டுது?"

அம்மாதான் பேசினாள், ஒரு நடுக்கமும் இல்லாமல்.

"புள்ளத்தாச்சிக்குத் தலை சுத்திடுச்சு. பானையைத் தள்ளிட்டா. நீ ஒரு சொம்பு மோர் இருந்தா கொடு."

மணியம்மாள் போன காலடி கேட்டதும், அம்மா என் கையைப் பிடித்தாள். கிள்ளுவது போல் பிடித்தாள். "இத்தோட வுடு. அவன் இனிமே பண்ண மாட்டான். குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தாத."

"நாளைக்கு அண்ணியை ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். டாக்டர் கேக்கறதுக்குப் பதில் சொல்லுவேன். பாதரசம்னு தெரியாம அவங்க எந்த மருந்தைக் கொடுப்பாங்க? மறுபடி எவ்ளோ இலை பறிக்கணும் நான்?"

"அண்ணன் ஜெயிலுக்குப் போவான்டி."

"அந்தத் துண்டை இன்னொரு தபா வாங்கச் சொல்றியா?"

அம்மா என்னை அறைந்தாள். அது வலித்ததா என்று நினைவில்லை. கரண்டியை எடுத்து ஒரு கந்தலில் சுற்றினேன். அன்றைக்கே மண்மேட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். அதில் ஒட்டியிருந்ததோடுதான். அந்த மினுங்கலைச் சுரண்டி எடுக்க அண்ணன் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, அண்ணனும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தான்.

லேடி டாக்டர் கன்னடக்காரி. அண்ணியின் வாயைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. "எஷ்டு தின ஆயித்து?" என்றாள். ஆறு வாரம் என்று நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். ஈறின் கறுத்த ஓரத்தை ஒரு குச்சியால் தொட்டாள். அண்ணியின் கையை நீட்டச் சொன்னாள். விரல்கள் லேசாக ஆடின.

"வீட்டிலே யாராவது மெர்க்குரி, பாதரசம், அந்த மாதிரி வேலை செய்றாங்களா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"நான் செய்யறேன் மேடம்" என்றான் அண்ணன்.

அவனே தொடர்ந்தான்.

"மில்லுல. பாதரசம் பூசின தகடு கீது, அதைச் சுரண்டற வேலை. துணியில, கையில ஒட்டிகினு வூட்டுக்கு வந்துடுது போல. இவதான் தொவைக்கிறா."

டாக்டர் அவனைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். மேஜை ஓரத்தைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"துணியிலே வந்தது இவ்வளவு பண்ணாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்றே?"

சொல்ல எனக்கு எல்லாம் இருந்தது. அவளுக்குத் தெரிய வேண்டியது பாதரசம் என்ற ஒரு வார்த்தை. அது அவளுக்குப் போய்விட்டது. மீதியைச் சொன்னால் இவன் போவான்.

"இனிமே வராது டாக்டர்" என்றேன். "ஒரு துளி வராது. அது நிச்சயம்."

பாதிப் பொய். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.

டாக்டர் வெகுநேரம் எழுதினாள். மருந்து எழுதினாள். என்ன தடவுகிறாய் என்று கேட்டாள், சொன்னேன். "கொய்யா எலையும் அந்தக் கீரையும் நல்லதுதான், விடாதே. மண் சட்டியிலே காய்ச்சு" என்றாள். பிறகு இன்னொரு தாளை எடுத்து அண்ணனுக்கு நீட்டினாள். "நீங்க பாதரசம் இருக்கிற இடத்திலே இனிமே நிக்கக் கூடாது. வேறே வேலைக்கு மாத்தணும்னு எழுதியிருக்கேன். உங்க ஆபீசிலே கொடுக்கணும்."

வெளியே வந்து அந்தத் தாளைப் படித்தேன். அண்ணனுக்குப் புரிந்ததா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது அவனுக்கு. மில்லில் இருந்து எடுத்தால் எங்கே போடுவார்கள்? இந்த ஊரில் மேலே இல்லையென்றால் கீழே.

"கொடுக்காம கிழிச்சுடலாம்" என்றான், பாதி கேள்வியாக.

"மில்லுலயே இருந்தா உன்னால கையை வெச்சுகினு சும்மா இருக்க முடியுமா?"

அவன் யோசித்தான். நேர்மையாக யோசித்தான். "முடியாது" என்றான். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அண்டர்கிரவுண்ட், பஸ்ட் ஷிப்ட். அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அப்பாவை இறக்கிக்கொண்டு போன அதே சுரங்க வாய், அதே ஷாப்ட். "நீ சந்தோசமா இரு" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். நான் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் அதுவும் அவளுக்கு ஒரு வாதமாகத்தான் கேட்டிருக்கும்.

ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை. மாசிக்காயை மண்ணோட்டில் வறுத்தேன். கொழுந்தை மண் சட்டியில் காய்ச்சினேன். மணியம்மாள் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, "இப்ப மட்டும் எப்படி ஆறுது? இலை புதுசா படிச்சுகினு வந்துதா?" என்றாள். "மரம் பழையதுதான் பெரியம்மா, வேர்ல மண்ணு மாறிடுச்சு" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு மறுபக்கத்திலிருந்து ஒரு முழுக் கிளையையே ஒடித்து என் பக்கம் போட்டாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நோட்டில் தொடர்ந்து எழுதினேன். இரண்டாவது வாரம் திங்கள்: 'புதிது ஒன்று.' மூன்றாவது வாரம் திங்கள்: 'இல்லை.' அன்றைக்கு அண்ணி சாம்பாரில் மிளகாயைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, வலியில் இல்லை, வெறும் காரத்தில், ஆவென்று வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். நான் டார்ச் லைட்டைத் தேடவில்லை. அதற்கு அடுத்த மாதம் வந்த நர்சம்மா வயிற்றைத் தடவி, "இப்பதான் வயிறாட்டம் கீது. எட்டி ஒதைக்கறான் பாரு" என்றாள். அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "தபி, நீயும் தொட்டுப் பாரு" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய வார்த்தை அது.

மோதிரத்தை அண்ணி மறுபடி போட்டுக்கொண்டாள். அந்த வெள்ளையைப் போக்க நெருப்பில் காட்ட வேண்டும். பஜாரில் ஆசாரி செய்து தருவார் என்று யாரோ சொன்னார்களாம். "யாரு அடுப்புலயும் வாணாம்" என்றுவிட்டாள்.

பஸ்ட் ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடியும். ஒன்றரைக்கெல்லாம் அவள் வாசலில் வந்து நிற்பாள். சங்கு ஊத வேண்டும், பிறகு கேஜ் ஏறி வர வேண்டும், பிறகு லைன் முனையில் ஆட்கள் தெரிய வேண்டும். அதுவரை கையில் எப்போதும் இரண்டு கொய்யாக் கொழுந்து. வாய் ஆறி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இருந்தாலும் மென்றுகொண்டே நிற்பாள், கண் ஷாப்ட்டுப் பக்கமே இருக்கும். துவர்ப்பில் கன்னம் உள்ளே இழுக்கும்.

போதும், விட்டுவிடு என்று நான் சொன்னதில்லை. எனக்கும் ஒரு கொழுந்து கொடுப்பாள். வாங்கி மென்றுகொண்டு பக்கத்தில் நிற்பேன்.